இரு நாட்டுப் பிரஜாவுரிமை

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றிலில் நின்றபடி நம்மவர்கள் பேசிக்கொள்ளும் விஷயங்கள் பலவுண்டு. அவற்றுள் சில காலமாக முதலிடம் பெற்றிருப்பது, இந்தியாவின் ‘இரட்டைப் பிரஜாவுரிமை’க்கு விண்ணப்பம் போடலாமா, வேண்டாமா என்ற கேள்வியாகும். ஜொகூர் பாருவில் மட்டுமன்று. மூவாரிலும் பத்து பஹாட்டிலும் குளுவாங்கிலும் உள்ள சகோதரர்களும் இதையே கேட்கின்றனர். விண்ணப்பத்தாளை எப்படி நிரப்புவது என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது சுலபம். நிரப்புவது நியாயந்தானா என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைப் பிரஜாவுரிமை என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 9ஆம் விதி, தன் விருப்பத்தால் அந்நிய நாட்டுப் பிரஜையாகிவிட்டவர் இந்தியப் பிரஜையாக இருக்க முடியாது என்று கூறிவிட்டது. 1955ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையே உறுதி செய்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வழங்கப்பட்டு வருவது ஓ.சி.ஐ. என்னும் அட்டையாகும். அதன் பெயரில் ‘குடிமகன்’ என்ற சொல் இருப்பதால்தான் இத்தனை குழப்பமும். இது இரட்டைப் பிரஜாவுரிமை அன்று என்று இந்திய உள்துறை அமைச்சே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அட்டைக்காரருக்கு அங்கே வோட்டு இல்லை. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது. நமது மலேசியப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். ஆயுள் முழுதும் செல்லும் விசா, எத்தனை நாள் தங்கினாலும் போலீஸ் அலுவலகத்தில் பதிய வேண்டாத வசதி, குடியிருக்க ஒரு வீட்டை வாங்கும் உரிமை, இவை கிடைக்கும். நம்மவர்கள் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அறிவிப்பின்படி, அட்டை வைத்திருப்பவர் தப்லீக் பணியில் ஈடுபட வேண்டுமானால் தனியே அனுமதி பெற்றாக வேண்டும். இது தெரியாமல் ஜமாஅத்தோடு புறப்பட்டுவிடக் கூடாது.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆம் விதி, ஒருவர் தாமாக விரும்பி அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமையை அடைந்தால் அவருடைய மலேசியப் பிரஜாவுரிமையை அரசாங்கம் பறிக்கலாம் என்கிறது. அத்துடன் நிற்கவில்லை. வேறொரு நாட்டில் அந்நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டுமே உரிய உரிமையைக் கேட்டு அனுபவிப்பதும் குற்றமாகக் கருதப்படும். அங்கே தேர்தலில் வோட்டுப் போடுவது அவ்விதம் அனுபவித்ததாகவே கொள்ளப்படும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதென்று வாக்குச் சாவடிக்குப் போய், விரலில் மையுடன் திரும்பி வரும் பெரியவர்களின் பிள்ளைகள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

ஆக, ஓ.சி.ஐ. அட்டை பிரஜாவுரிமை அல்லவென்பதால், அதை வாங்குவதில் இங்கே கொடுத்த வாக்கு மீறப்படுவதில்லை என்றே நாம் கொள்கின்றோம். சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவுதான். ஆனால் நம்மவர்களின் மனத்தை உறுத்துவது சட்டம் அன்று. ஒருவன் இரண்டு நாட்டை நேசிக்கலாமா, இரண்டு நாட்டுக்கும் கடமைப்படலாமா, ஒன்றில் நின்றுகொண்டு மற்றொன்றில் ஒரு காலை ஊன்றி வைப்பது கண்ணியமா என்பதே அவர்களுடைய கேள்வி. இதற்கு நமது பாட்டன்மார் காலத்துக்குச் சற்றுப் பின்னே போக வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மலாயாக் கூட்டரசு அமைந்தபோது பிரஜாவுரிமை என்ற சொல் நம்மவர் காதில் முதன்முதலாக உரக்க விழுந்தது. 1952இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்தந்த மாநிலத்துச் சுல்தானின் பிரஜை என்ற வழியாகக் கூட்டரசுப் பிரஜையாகும் வாய்ப்பு வந்தது. ஜொகூரில் இருந்தவர் ஜொகூர் சுல்தானின் பிரஜை என்பதாக. பின்னர் 1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள், சுதந்திரம் கிடைத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழிப் பரீட்சை கூடத் தேவையில்லை என்று சலுகையும் தரப்பட்டது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போன்றவர்கள், தயங்காமல் பதிந்துகொள்ளுங்கள் என்று இந்தியர்களை வற்புறுத்தினர். அக்கரையில் நேருவும், குடியேறிய நாட்டின் பிரஜையாகி அதற்கு விசுவாசமாக இருங்கள், அல்லது இந்தியப் பிரஜையாகவே இருந்து விருந்தினருக்குரிய மரியாதையை மட்டும் எதிர்பாருங்கள் என்ற கொள்கையைத்தான் கடைப்பிடித்தார். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எவரும் சொல்லவில்லை.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பலர் பதிந்தார்கள். பலர் பதியவில்லை. பதியாதவர்களை அறியாதவர்கள் என்று இன்று ஏசுவது சுலபம், அது நியாயமன்று. அக்காலத்து நிலையை எண்ணிப் பாருங்கள். கடையநல்லூரிலிருந்தோ பனைக்குளத்திலிருந்தோ கூத்தாநல்லூரிலிருந்தோ வந்தவருக்கு மனைவி மக்கள் ஊரில். சம்பாத்தியம் இங்கே. மூன்றாண்டுக்கு ஒருமுறை ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம் போய், நாலைந்து மாதம் இருந்து, மறுபடி ஏறி வருவார். இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தால் ஊரில் உள்ள அரை மா நிலம் போய்விடுமோ, வாப்பா மௌத்தானால் இறங்க விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். விட்டுக்கொடுக்காவிட்டால் இங்கே கடை லைசென்சுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே, பார்க்கலாம், பொறுத்துச் செய்யலாம் என்று அவர் இருந்துவிட்டார். அவருடைய தயக்கத்தில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. இரு வீட்டிலும் கடன்பட்டவனின் தயக்கம் அது.

ஆனால் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1959இல் குடிநுழைவு விதிகள் இறுகின. ஊரிலுள்ள மனைவி மக்களை அழைத்து வருவது கடினமாயிற்று. 1968இல் பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்று சட்டம் வந்தது. 1969 மே மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு அது கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மூட்டை கட்டினர். எஞ்சியவர்களில் எத்தனையோ பேர் நீல அடையாள அட்டைக்கு ஏங்கியபடியே சிவப்பு அட்டையுடன் வயது முதிர்ந்தனர். தந்தையின் தயக்கம் பிள்ளையின் தலையிலும் விழுந்தது. 1957 முதல் 1962 வரை இந்த மண்ணில் பிறந்தாலே பிரஜை. அதற்குப் பின்னர் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாக வேண்டுமென்றாயிற்று. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அயல்நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீதி வழங்கியதோடு, நிரந்தரவாசியின் பிள்ளைக்கு இருந்த அந்த வழியை எடுத்துவிடவும் வகை செய்தது.

இதைவிடக் கொடிய கணக்குகளும் உண்டு. இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். அவர்கள் எவரிடமும் எந்த நாடு வேண்டும் என்று முதலில் கேட்கவில்லை. அதே 1964இல் பர்மாவில் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது, ரங்கூனில் தலைமுறைகளாக வாணிபம் செய்த நம் மக்கள் கையில் உள்ளதைக்கூடக் கொண்டுவர முடியாமல் கப்பலேறினர்.

கேட்டுக் கொடுத்த இடமும் ஒன்று உண்டு. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிய உடன்படிக்கை 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றனர். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் வோட்டுப் போடுகின்றனர். எழுதாத பக்கத்து வீட்டாரின் பேரப்பிள்ளைகள் இந்தியத் தேர்தலில் போடுகின்றனர். ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல், ஒரே கபர்ஸ்தான். ஆறு மாதத்தில் ஒரு குடும்பத்தலைவர் எடுத்த தீர்மானம் அறுபது ஆண்டாக நிற்கிறது. இவர்களுள் எவர் தமது ஊரை அதிகம் நேசித்தார் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த இடத்தில்தான் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகின்றோம். நேசம் வேறு, பிரஜாவுரிமை வேறு. நேசத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. அது இரண்டு ஊரிலும் இருக்கலாம், மூன்றிலும் இருக்கலாம். பிரஜாவுரிமை என்பது பதில் சொல்லும் பொறுப்பு. வரி கொடுப்பது, வோட்டுப் போடுவது, நாடு தவறினால் அதை எதிர்த்துக் கேட்பது, ஆபத்து வந்தால் ஓடாமல் நிற்பது ஆகியவை அதில் அடங்கும். நமது பெண்மக்களுக்குத் தாய்வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. தாய்வீட்டை மறந்துவிடு என்று எந்த நல்ல மாமியாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு வீட்டுச் சாவிக்கொத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு, இங்கே சண்டை வந்தால் அங்கே, அங்கே கஷ்டம் வந்தால் இங்கே என்று இருப்பவளை இரண்டு வீட்டாரும் நம்புவதில்லை. (காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடியிருப்பவர். அதனாலென்ன? சாவி விஷயம் மாப்பிள்ளைக்கும் பொருந்தும்.)

இதற்கு மறுப்புச் சொல்லலாம். பிரிட்டன் தன் பிரஜைகள் வேறு பிரஜாவுரிமை வைத்திருப்பதைத் தடுப்பதில்லை; இலங்கை 1987 முதல் அனுமதி பெற்று இரண்டையும் வைத்திருக்க விடுகிறது; அங்கெல்லாம் லட்சக்கணக்கானோர் யோக்கியமாகத்தான் வாழ்கின்றனர், அவர்களெல்லாம் இரண்டகம் செய்பவர்களா என்று கேட்கலாம். இல்லை. இரு நாடும் அறிந்து, இரு நாடும் சம்மதித்து, ஒருவன் இரண்டு பிரஜாவுரிமை வைத்திருந்தால் அதில் தோஷம் எதையும் நாம் காணவில்லை. அங்கே ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லை. ஆயினும் அந்த இலங்கையே, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்தில் அமரக் கூடாதென்று 2015இல் அரசியலமைப்பைத் திருத்தியது. 2020இல் அதை நீக்கியது. 2022இல் மறுபடி தடுத்தது. சம்மதம் தந்த நாட்டுக்கே இதில் எத்தனை தடுமாற்றம் பாருங்கள்.

நாம் குறை காண்பது மறைத்து வைப்பதைத்தான். மலேசியாவும் அனுமதிக்கவில்லை, இந்தியாவும் அனுமதிக்கவில்லை, சிங்கப்பூரும் அனுமதிக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் காட்டி மற்றொன்றைப் பெட்டியின் அடியில் வைத்துப் பயணம் செய்பவர்கள் உண்டென்பதை நாம் எல்லோரும் அறிவோம். யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். பிரஜையாகப் பதியும்போது சத்தியம் செய்தவர்கள் நாம். அந்நிய நாட்டுக்குரிய விசுவாசத்தைத் துறக்கின்றேன் என்று சொல்லிக் கையெழுத்திட்ட காகிதத்தில், துறக்காமலே கையெழுத்திட்டால் அதற்கு என்ன பெயர்? வியாபாரத்தில் ஒரு சரக்கை இரண்டு பேருக்கு விற்பவனை நாம் கடைத்தெருவில் எப்படி நடத்துகிறோம்? ஒப்பந்தத்தைக் காப்பது மார்க்கத்தில் கடமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் சர்க்கார் குமாஸ்தா என்பதால் அந்தக் கடமையிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. அன்றியும், மறைத்து வைத்த ஒருவர் அகப்படும்போது பத்திரிகையில் வருவது அவருடைய பெயர் மட்டுமன்று. ‘இவர்களே இப்படித்தான்’ என்ற பேச்சும் கூட வருகிறது. அந்தப் பேச்சைச் சுமப்பது, ஒரே பாஸ்போர்ட்டுடன் ஒழுங்காக இருக்கும் மற்ற எல்லோரும்.

இனி, சற்றுக் கடினமான கேள்வி. “நாளைக்கு என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் நானா? ஒரு கதவு திறந்திருக்கட்டுமே” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன பதில்? பர்மாவையும் 1969ஐயும் மேலே நாமே எழுதியிருக்கின்றோம். அவற்றை அறிந்த ஒருவர் பயப்படுவதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மழை வரலாமென்று குடை எடுத்துச் செல்பவன் வானத்தை அவமதிப்பதில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களை அவர் சிந்திக்க வேண்டும்.

ஒன்று, அந்தக் கதவு யார் கையில் இருக்கிறது? ஓ.சி.ஐ. அட்டையை இந்திய அரசாங்கம் ரத்து செய்யலாம். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, அரசாங்கம் குறிப்பிடும் சட்டங்களை மீறினாலும் ரத்து செய்யலாமென்று அந்த அதிகாரம் விரிவாக்கப்பட்டது. தப்லீக் பற்றிய விதி 2021இல் வந்ததைச் சொன்னோம். நேற்று இல்லாதது இன்று வந்தது. இன்று இல்லாதது நாளை வரும். வோட்டில்லாதவருக்கு அதைப் பற்றி அங்கே கேட்க வாயும் இல்லை. ஊருக்குப் போய்வர இது உத்தமமான அட்டை. புயலுக்கு ஒதுங்கும் கூரையாக இதை எண்ணினால், அது விருந்தாளிக்குப் போட்ட பந்தல் என்பதை மறந்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. போக ஓர் இடம் உண்டென்று எண்ணுபவனுக்கு, இருக்கும் இடத்தைப் பற்றிய அக்கறை மெல்ல மெல்லக் குறைகிறது. வோட்டுப் போடுவதில் சோம்பல், பிள்ளைகளின் தேசிய மொழியில் அலட்சியம், பக்கத்து வீட்டு மலாய்க்காரரோடும் சீனரோடும் ஒட்டாத பழக்கம், ‘நமக்கென்ன, இது அவர்கள் பாடு’ என்ற பேச்சு. நம்மிடையே அட்டை வாங்கியவர் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. அட்டையே இல்லாமலும் இப்படி இருப்பவர்களை நிறையக் கண்டிருக்கின்றோம். அட்டை வாங்குமுன் ஒருவர் தம் நிய்யத்தைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுவே. தாயைப் பார்க்க, நிலத்தைப் பார்க்க, பேரனுக்குப் பெண் பார்க்க, கடைசிக் காலத்தில் பிறந்த மண்ணில் சில மாதம் இருக்க என்றால், தாராளமாக வாங்கலாம். இங்கே அக்கறையை விட்டுவிடுவதற்கு ஒரு சாக்காக என்றால், வாங்காமலிருப்பதே உசிதம். இவ்விரண்டும் ஒரே மனத்தில் கலந்திருப்பதும் உண்டு. அப்போது எது எத்தனை பங்கு என்பதை அவரே அறிவார்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்காவை எவ்வளவு நேசித்தார்கள் என்பதை நாமறிவோம். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில் அந்த மக்கா அவர்கள் கைக்கு வந்தது. இனி அவர்கள் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று மதீனத்து அன்சாரிகள் கலங்கினர். தங்கவில்லை, மதீனாவுக்கே திரும்பினார்கள். மக்காவின் மீதிருந்த அன்பு குறைந்துவிட்டதாக எவரும் எண்ணவில்லை. அன்பு ஓரிடத்தில், கொடுத்த வாக்கு ஓரிடத்தில் என்றிருந்தபோது, வாழ்வதற்கு வாக்குக் கொடுத்த இடத்தையே தேர்ந்தார்கள்.

ஜொகூரில் இருப்பவர்கள் இந்தியாவைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக்கொள்ள முடியாது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் இருக்கிறது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடந்து இரவில் திரும்பும் நம் பிள்ளைகள் அநேகர். 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்டு வரை இரு கரையும் ஒரே நாடாக இருந்தன. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிந்தபோது அண்ணன் ஒரு நாட்டுப் பிரஜை, தம்பி வேறு நாட்டுப் பிரஜை என்றான குடும்பங்கள் நம்மில் உண்டு. இன்று அங்கே நிரந்தரவாசம் பெற்ற பையனுக்குப் பிரஜாவுரிமை வருமானால், அவன் மலேசியப் பிரஜாவுரிமையைத் துறந்தே ஆக வேண்டும். துறந்தபின் மனம் மாறித் திரும்ப வருவதென்றால் அது கூட்டரசு அரசாங்கத்தின் தயவு, உரிமை அன்று. பெற்றோர் அழுகின்றனர். தாத்தா கப்பலேறி வந்தது எதற்காக என்று பிள்ளை கேட்கின்றான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சோற்றுக்காகக் கடல் கடந்தவரின் பேரன் பாலம் கடப்பதைப் பாவமென்று எப்படிச் சொல்வது? போகிறவன் வெளிப்படையாக, முழுமையாகப் போகட்டும். வயோதிகப் பெற்றோரைப் பார்க்க யார், எத்தனை நாளுக்கொருமுறை என்பதைக் கையெழுத்திடுமுன் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளட்டும். துறந்தபின் பேசுவது கடினம்.

பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஓ.சி.ஐ.க்கு எழுதிவிடலாமா என்று சிலர் கேட்கின்றனர். கொள்ளுப்பாட்டனார் வரை இந்தியத் தொடர்பைக் காட்ட முடிந்தால் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 275 அமெரிக்க டாலர், நாலு பிள்ளைகளென்றால் நான்கு மடங்கு. இருபது வயதுக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அட்டையை ஒருமுறை மாற்றவும் வேண்டும். குடும்பத்தோடு ஊரில் நெடுநாள் தங்கப்போகிறவர்கள் இப்போதே எழுதலாம். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆகும்வரை பொறுத்து, அவர்களையே தீர்மானிக்க விடுவது நலம் என்பது நமது யோசனை. அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, ஊர்ப் பிறப்புப் பதிவு எல்லாம் ஏதோ ஒரு தகரப்பெட்டியில் கிடக்கும். ஒன்றில் ‘சேகு’ என்றும் மற்றொன்றில் ‘ஷேக்’ என்றும் பெயர் இருக்கும்; தகப்பனார் பெயர் ஒன்றில் இருக்காது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இன்னும் ஒருவரிருவர் இருக்கின்றனர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து அவர்கள் முன்னே வையுங்கள்.